கோஷியன்ல மொத மேட்ச் பாக்கப் போறீங்களா? ஹன்ஷின் டைகர்ஸ் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு

ஜப்பான்ல ஒசாகா, கோபே பக்கம் வேலைக்கோ படிக்கவோ புதுசா வந்தவங்க கொஞ்ச நாள்லயே இத கவனிச்சிருப்பீங்க, ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் காலைல எந்த மூடுல வர்றாருங்கறது முந்தின ராத்திரி ஹன்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் டீம் ஜெயிச்சுதா தோத்துதாங்கறத பொறுத்துதான் இருக்கும். ட்ரெயின், சூப்பர் மார்க்கெட், பேங்க் விளம்பரம்னு எங்க திரும்பினாலும் அந்த மஞ்சள் கருப்பு. சரி நாமளும் ஒரு மேட்ச் போய்த்தான் பாப்போமேன்னு தோணும், ஆனா பேஸ்பால் ரூல்ஸே தெரியாதேன்னு தள்ளிப் போட்டுட்டே இருப்போம்.

நான் என்ன சொல்றேன்னா ரூல்ஸ கடைசியா வச்சுக்கங்க. எந்த நாள் போறது, எந்தப் பக்கம் உக்கார்றது, உள்ள யாரு யாரு என்ன வேல பாக்குறாங்க, இந்த மூணும் தெரிஞ்சா போதும். கிரிக்கெட் பாத்து வளந்த ஆளுக்கு பேஸ்பால் ரூல்ஸ் மூணு இன்னிங்ஸுக்குள்ள தானா மண்டைல ஏறிடும். ரூல்ஸ கரைச்சுக் குடிச்சிட்டு தப்பான சீட்ல போய் உக்காந்தீங்கன்னா மூணு மணி நேரம் நெளிஞ்சுகிட்டேதான் இருக்கணும்.

இது யாரு டீம், எங்க இருக்கு

எல்லாரும் ஒசாகா டீம்னுதான் சொல்லுவாங்க, ஆனா அவங்க சொந்த மைதானமான கோஷியன் ஸ்டேடியம் ஒசாகால இல்ல. ஹியோகோ மாகாணத்துல நிஷினோமியான்னு ஒரு ஊரு, ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவுல, அங்க இருக்கு. ஹன்ஷின்ங்கறது அந்த ரெண்டு ஊரையும் சேக்கற ரயில் கம்பெனி பேரு (2006ல இருந்து ஹன்க்யூ கம்பெனியோட ஒரே குழுமமா ஆயிட்டாங்க). ரயில்ல கூட்டம் வரணும்னா லைன் ஓரத்துல எதாவது இருக்கணும்ல, அப்படித்தான் 1924ல இந்த ஸ்டேடியத்த கட்டுனாங்க. மார்ச்ல வேல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 1 அன்னைக்கு தொறந்துட்டாங்க, அஞ்சு மாசம் கூட முழுசா ஆகல.

ஆனா கட்டுனது டைகர்ஸுக்காக இல்ல, ஹைஸ்கூல் பசங்களோட தேசிய டோர்னமெண்ட்டுக்காக. டைகர்ஸ் கிளப் 1935 டிசம்பர்லதான் ஆரம்பிச்சாங்க, அப்ப பேரு ஒசாகா டைகர்ஸ், 1961லதான் ஹன்ஷின் டைகர்ஸ்னு ஆச்சு. அதனால அந்த மைதானத்துல ஸ்கூல் டோர்னமெண்ட்தான் மூத்த பிள்ளை, டைகர்ஸ் இளைய பிள்ளை. இத சும்மா வரலாறுன்னு நெனச்சு தாண்டிப் போகாதீங்க, நீங்க தேதி பாக்கும்போது நேரா இதுலதான் வந்து முட்டுவீங்க.

மொதல்ல தேதி

சீசன் மார்ச் கடைசில ஆரம்பிச்சு அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் ஓடும். ஒரு டீமுக்கு 143 மேட்ச், அதுல ஏறக்குறைய பாதி சொந்த ஊர்ல. டைகர்ஸ் இருக்கறது சென்ட்ரல் லீக், அதுல மொத்தமே ஆறு டீம், அதனால அதே டீமுங்க திரும்பத் திரும்ப வருவாங்க. பொதுவா செவ்வாய்ல இருந்து வியாழன் வரைக்கும் ஒரு டீமோட மூணு மேட்ச், வெள்ளில இருந்து ஞாயிறு வரைக்கும் இன்னொரு டீமோட மூணு, திங்கக்கெழம பெரும்பாலும் லீவு. வார நாள்ல சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பிக்கும், ஆபீஸ்ல இருந்து நேரா போயிடலாம். சனி ஞாயிறுன்னா வெயில் குறைவான மாசங்கள்ல பகல் 2 மணி.

இப்ப மூத்த பிள்ளை கதைக்கு வருவோம். ஆகஸ்ட்ல ஹைஸ்கூல் டோர்னமெண்ட் நடக்கும், அது நடக்கற நாளெல்லாம் டைகர்ஸுக்கு சொந்த மைதானத்துலயே எடம் கெடையாது. மூட்டை முடிச்ச கட்டிகிட்டு வெளியூர் கெளம்பிடுவாங்க, அந்த நீண்ட பயணத்துக்கு ரசிகர்கள் வச்ச பேரே மரண சாலைன்னுதான், வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு டீம் சரியறது அந்த சமயத்துலதான்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. இப்பல்லாம் அந்த சமயத்துல சில ஹோம் மேட்சை ஒசாகா நகரத்துக்குள்ள இருக்கற கியோசெரா டோம்ல வைக்கிறாங்க. மார்ச் கடைசிலயும் ஸ்கூல் பசங்களுக்கு ஒரு டோர்னமெண்ட் உண்டு, அப்பவும் இதே கததான். ஆக டிக்கெட் எடுக்கும்போது டைகர்ஸ் ஹோம் மேட்ச்னு மட்டும் பாத்து அழுத்தாதீங்க, ஸ்டேடியம் பேரு என்னன்னு பாருங்க. கோஷியன் பாக்கணும்னு ஊர்ல இருந்து அப்பா அம்மாவ கூட்டிட்டு வந்து டோம்ல உக்காத்தி வச்சா நல்லாவா இருக்கும்.

இன்னொண்ணு மழை. கோஷியனுக்கு கூரை கெடையாது, நல்ல மழைன்னா மேட்ச் ரத்து, டிக்கெட் காசு திரும்பக் கெடைக்கும், ஆனா அந்த நாளு போச்சு. ஜூன் ஜூலை ஆரம்பம் மழைக்காலம், வெளியூர்ல இருந்து ஒரே ஒரு மேட்ச்சுக்குன்னு வர்றவங்க அந்த மாசத்த விட்டுடுங்க. லேசான தூறல்னா ஆட்டம் நடக்கும், ஆனா ஸ்டேண்டுல குடை விரிக்கக் கூடாது, பின்னாடி உக்காந்திருக்கறவருக்கு மறைக்கும்ல. நூறு யென் கடையில கெடைக்கற மாதிரி மெலிசான ரெயின்கோட் ஒண்ணு பையில போட்டு வச்சுக்கங்க.

ஆகஸ்ட்லதான் லீவு கெடைக்கும்னு இருக்கறவங்க பேசாம ஹைஸ்கூல் மேட்சே பாத்துடுங்க, டிக்கெட் வெலையும் கம்மி. 2018க்கு முன்னாடி அவுட்ஃபீல்டு சீட்டு சும்மாவே விட்டாங்க, இப்ப அதுக்கும் காசு உண்டு. ஒரு தடவ தோத்தா அதோட முடிஞ்சுது, அதனால பதினேழு வயசுப் பையன் எல்லாம் உசுர குடுத்து ஓடுவான், தோத்த டீம் பசங்க அழுதுகிட்டே மைதானத்து மண்ண அள்ளி பையில போட்டுக்குவாங்க. வெயில் மட்டும் கொளுத்தி எடுக்கும். கச்சிவாரின்னு ஒடச்ச ஐஸ ஒரு பையில போட்டு ஸ்ட்ராவோட விப்பாங்க, கழுத்துல வச்சுக்கலாம், உருகுனதும் குடிச்சுக்கலாம்.

அடுத்து டிக்கெட்டு

சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டிக்கெட் விக்க ஆரம்பிச்சுடுவாங்க, நல்ல மேட்ச்செல்லாம் அப்பவே காலி. யோமியுரி ஜயண்ட்ஸோட மோதற மேட்ச், அதுவும் சனி ஞாயிறுல, அதுக்கு ஆசப்படாதீங்க, தோக்கியோ டீமுக்கும் இவங்களுக்கும் நடுவுல இருக்கற பக தொண்ணூறு வருஷத்துப் பக. மொத தடவைக்கு செவ்வாய் புதன் ராத்திரி மேட்ச் பாருங்க, எதிராளி யாரா இருந்தா என்ன. கிளப்போட சொந்த சைட்டுல வாங்கலாம், கன்வீனியன்ஸ் ஸ்டோர் மெஷின்லயும் வாங்கலாம். ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தர் வந்து மெதுவா டிக்கெட் வேணுமான்னு கேட்டாருன்னா நிக்காம நடங்க. ஜப்பான்ல 2019ல இருந்து டிக்கெட்ட தொழிலா கூடுதல் வெலைக்கு விக்கறது சட்டப்படி குத்தம், கிளப் கண்டுபிடிச்சா அந்த டிக்கெட்டையே செல்லாதுன்னு சொல்லிடலாம், விசால இருக்கற நமக்கு எதுக்கு அந்த வம்பு.

எந்தப் பக்கம் உக்கார்றது

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க.

பேட்ஸ்மேன் நிக்கற எடத்துக்கு பின்னாடியும் ரெண்டு பக்கமும் இருக்கறது இன்ஃபீல்டு சீட்டுங்க, அதுக்கு மேல வெள்ளி நெறத்துல ஒரு பெரிய கூரை. மொதல் பேஸ் பக்கம் (பேட்ஸ்மேனுக்கு பின்னாடி இருந்து பாத்தா வலது) டைகர்ஸ், மூணாவது பேஸ் பக்கம் (இடது) எதிர் டீம். இங்க சீட்டுங்களுக்கு ஐவி, ப்ரீஸ்னு தனித்தனி பேரு இருக்கும். பேபி தூக்கிட்டு வர்றவங்க, வயசானவங்க, ஆட்டத்த உக்காந்து நிதானமா பாக்கணும்னு நெனைக்கறவங்க எல்லாரும் இங்க வாங்குங்க. வெல அதிகம், ஆனா தலைக்கு மேல கூரை இருக்கு, பந்து கிட்டக்க தெரியும். அதுக்கு அடுத்து ரெண்டு பக்கமும் செங்குத்தா ஏறுற ஸ்டேண்டுக்கு ஆல்ப்ஸ்னு பேரு, மலை மாதிரி இருக்கறதால வந்த பேரு, ஸ்கூல் டோர்னமெண்ட்ல பேண்டு வாத்தியத்தோட பசங்க உக்கார்றது அங்கதான்.

அவுட்ஃபீல்டுல வலது பக்கம், அதான் ரைட் ஸ்டேண்டு, அங்கதான் சாமி எறங்கற எடம். ட்ரம்பெட், மேளம், பெரிய கொடி எல்லாம் அங்கதான், டைகர்ஸ் பேட்டிங் பண்ற நேரம் பூரா ஜனங்க எழுந்து நின்னு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனி பாட்டு பாடுவாங்க. நீங்களும் நிக்கணும், சத்தம் போடணும், குறைஞ்சது அந்த பிளாஸ்டிக் மட்டைங்க ரெண்ட வாங்கி தட்டவாவது செய்யணும். சும்மா போன நோண்டிகிட்டு உக்காந்திருந்தா யாரும் திட்ட மாட்டாங்க, ஆனா பக்கத்துல இருக்கற பாட்டி ஒரு பார்வ பாப்பாங்க பாருங்க, அது போதும். எதிர் டீம் பேட்டிங் பண்ணும்போது எல்லாரும் உக்காந்துடுவாங்க, அதுதான் சாப்பிடற நேரம், பாத்ரூம் போற நேரம்.

இடது பக்க அவுட்ஃபீல்டுல ஒரு மூலைய எதிர் டீம் ரசிகர்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க, மிச்ச லெஃப்ட் ஸ்டேண்டும் டைகர்ஸ்காரங்கதான். அந்த ஒதுக்கின மூலை தவிர அவுட்ஃபீல்டுல எங்கயும் எதிர் டீம் ஜெர்சி போடக் கூடாதுன்னு ரூலே இருக்கு. ஜயண்ட்ஸ் வர்ற அன்னைக்கு ஆரஞ்சு கலர் சட்டை கூட வேண்டாம், சும்மா சொல்றேன்.

என் அபிப்பிராயம்: தனியாவோ நண்பர்களோடயோ போனா மொத தடவையே ரைட் ஸ்டேண்டு, குடும்பத்தோட போனா மொதல் பேஸ் பக்கம் கூரைக்கு கீழ. ஆட்டம் நல்லா தெரியணும்னு அவுட்ஃபீல்டு போகாதீங்க, அங்க இருந்து பாத்தா பந்து வீசறது எங்கயோ எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும்.

போய்ச் சேர்றதும் உள்ள போறதும்

ஒசாகா உமேதால இருந்து ஹன்ஷின் லைன்ல எக்ஸ்பிரஸ் ஏறுனா கால் மணி நேரம், கோபே சன்னோமியால இருந்தும் அப்படி ஒண்ணும் தூரம் இல்ல, ஒசாகால நம்பா பக்கம் இருக்கறவங்களுக்கும் நேர் ட்ரெயின் உண்டு. ஸ்டேஷன் பேரே கோஷியன், எறங்குனா கூட்டமே உங்கள தள்ளிகிட்டுப் போயிடும். ஐசி கார்டுல (ட்ரெயின்ல தட்டிட்டுப் போற கார்டு) திரும்பி வர்றதுக்கும் சேத்து பணம் ஏத்திக்கங்க, மேட்ச் முடிஞ்சதும் அந்த மெஷின் முன்னாடி நிக்கற வரிசைய பாத்தா அழுக வரும்.

கொஞ்சம் சீக்கிரமே போங்க, வெளிப்புறச் சுவர் பூரா கொடி படர்ந்திருக்கும், அந்தக் கொடி 1924லயே நட்டது. நடுவுல ஸ்டேடியத்த புதுப்பிக்கும்போது வெட்டி எடுத்து வேல முடிஞ்சதும் திரும்ப நட்டாங்க. 1934ல அமெரிக்க ஆட்டக்காரங்களோட பேப் ரூத் இங்க வந்து ஆடிட்டுப் போனாரு, அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு. உள்ளயே மியூசியமும் உண்டு.

கேட்டுல பையத் தொறந்து பாப்பாங்க. கேன், கண்ணாடி பாட்டில் உள்ள விட மாட்டாங்க, கொண்டு போனா பேப்பர் கப்புல ஊத்தித் தருவாங்க.

சாப்பாடுன்னா கோஷியன் கறி ரைஸ், அது ஸ்டேடியம் தொறந்த காலத்துல இருந்தே விக்கறது. நம்ம ஊரு கறி குழம்ப நெனச்சுகிட்டு வாங்காதீங்க, இனிப்பு தட்டும், இறைச்சி சேத்ததுதான் பெரும்பாலும். சைவம் சாப்பிடறவங்க பாடு கஷ்டம், வேகவச்ச எடமாமே (பச்ச சோயா பீன்ஸ்), உருளைக்கெழங்கு ஃப்ரை, ஐஸ்க்ரீம்னு ஓட்டணும், வயித்துக்கு ஏதாவது போட்டுட்டே போயிடுங்க. பீர் விக்கற பொண்ணுங்க முதுகுல ஒரு முழு டேங்க கட்டிகிட்டு அந்த செங்குத்துப் படில ஏறி எறங்குவாங்க, கைய தூக்குனா போதும், உங்க சீட்டுகிட்டயே வந்து மண்டி போட்டு ஊத்தித் தருவாங்க. அந்தப் படில வெறும் கைய வீசிகிட்டு ஏறவே நமக்கு மூச்சு வாங்கும்.

இப்ப ஆளுங்க: யாரு என்ன வேல

மைதானத்துல யூனிஃபார்ம் போட்டுகிட்டு வயசான ஒருத்தர் நின்னா அவரும் ஆட்டக்காரர்னு நெனச்சுக்காதீங்க. பேஸ்பால்ல மேனேஜரும் கோச்சுங்களும் கூட நம்பர் போட்ட யூனிஃபார்ம்தான் போடுவாங்க. கிரிக்கெட்ல மைதானத்துக்குள்ள முடிவெடுக்கறது கேப்டன், இங்க எல்லாமே மேனேஜர்தான், யார எறக்கறது, பவுலர எப்ப மாத்தறது, ரன்னர் எப்ப ஓடணும்ங்கற வரைக்கும். 2025 சீசன்ல மேனேஜரா வந்தவரு ஃபுஜிகவா க்யுஜி, நம்பர் 22. ஆடற காலத்துல கடைசி இன்னிங்ஸ் வந்து எரியற பந்து மாதிரி நேரா போடுவாரு, 2007ல 46 சேவ் (ஜெயிக்கற நிலைமைல வந்து கடைசி வரைக்கும் காப்பாத்திக் குடுத்தா ஒரு சேவ்). கோச்சா கூட இருந்து பழகாம நேரா மேனேஜர் ஆயி மொத வருஷமே லீக்க ஜெயிச்சுட்டாரு, அதுவும் செப்டம்பர் 7 அன்னைக்கே, ஜப்பான்ல ரெண்டு லீக் முறை வந்ததுக்கப்புறம் அவ்வளவு சீக்கிரம் யாரும் பட்டத்த உறுதி பண்ணதே இல்ல. அப்புறம் ஜப்பான் சீரிஸ்ல, அதான் ரெண்டு லீக்ல இருந்தும் ஒவ்வொரு டீம் வந்து மோதற கடைசி தொடர்ல, சாஃப்ட்பேங்க் டீம்கிட்ட தோத்தாங்க, அது வேற கத.

மூணாவது பேஸ் ஓரமா நின்னு கைய காத்தாடி மாதிரி சுத்தற ஒரு கோச் இருப்பாரு. ரன்னர் வீட்டுக்கு ஓடணுமா நிக்கணுமான்னு சொல்றது அவருதான். சரியா சொன்னா யாரும் அவர நெனைக்க மாட்டாங்க, தப்பா சொல்லி ரன்னர் அவுட் ஆனா பக்கத்து சீட்டு தாத்தா அவரு பேரச் சொல்லி திட்டறத கேக்கலாம்.

ஆட்டக்காரங்க பேரெல்லாம் ஸ்கோர்போர்டுல கான்ஜி எழுத்துல (சீன எழுத்து) இருக்கும், படிக்க வராது. அதனால நம்பர வச்சுப் பழகுங்க. 2025ல ஜெயிச்ச டீம்ல இருந்து நாலே நாலு நம்பர் போதும். 5 சிகமோதோ கோஜி, மொதல் ஆளா வருவாரு, நடு அவுட்ஃபீல்டு, திருட்டு பேஸ், அதான் பவுலர் பந்து போடற நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிடறது, அதுல கில்லாடி. 1 மொரிஷிதா ஷோதா. 8 சாதோ தெருஆகி, 2025ல 40 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சு லீக்கோட எம்விபி, அதான் வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர், அதுவும் நிஷினோமியா ஊர்க்காரரு, ஸ்டேடியம் இருக்கற ஊர்லயே பொறந்து வளந்தவரு. 3 ஓயாமா யூசுகே, மொதல் பேஸ். இந்த நாலு பேர் வரும்போது ஸ்டேண்டு சத்தம் மாறும், நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

சாதோ ஹோம் ரன்ன பாக்கும்போது இன்னொண்ணும் நெனச்சுக்கங்க, கோஷியன்ல கடல் பக்கத்துல இருந்து ஒரு காத்து அடிக்கும், வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா. இடதுகை ஆட்டக்காரர் வலது பக்கம் தூக்கி அடிச்ச பந்த அந்தக் காத்து திருப்பித் தள்ளிடும், வேற மைதானத்துல சுவர் தாண்டற பந்து இங்க கேட்ச் ஆயிடும். சாதோ இடதுகைதான். அப்படிப்பட்ட எடத்த சொந்த மைதானமா வச்சுகிட்டு 40ங்கறது சாதாரணம் இல்ல.

பவுலிங்தான் இந்த டீமோட முதுகெலும்பு. முராகாமி ஷோகி 2023ல புதுமுக விருதும் எம்விபியும் ஒரே வருஷத்துல வாங்குனவரு. சாய்கி ஹிரோதோ 2025ல லீக்லயே கம்மியா ரன் குடுத்த ஆரம்பப் பவுலர். இஷீ தாய்ச்சின்னு ஒருத்தரு, நடு ஆட்டத்துல ஒரு இன்னிங்ஸ் மட்டும் போடறவரு, அதே வருஷம் தொடர்ந்து 50 மேட்ச் ஒரு ரன் கூட குடுக்கல, ஜப்பான் ரெக்கார்டு அது.

இங்கதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தப் பத்தி சொல்லணும், ஸ்கவுட்டுங்க. ஐபிஎல் மாதிரி ஏலம் கெடையாது இங்க. வருஷா வருஷம் அக்டோபர்ல டிராஃப்ட், மொதல் சுத்துல ஒரே பையன ரெண்டு மூணு டீம் கேட்டா பெட்டிக்குள்ள கைய விட்டு சீட்டு எடுக்கணும். 2020 டிராஃப்ட்ல சாதோவ நாலு டீம் கேட்டுச்சு, சீட்டு டைகர்ஸுக்கு விழுந்துச்சு. அது அதிர்ஷ்டம். ஆனா அதே டிராஃப்ட்ல முராகாமிய எடுத்தது அஞ்சாவது சுத்துல, செகண்ட் பேஸ் நகானோ தகுமுவ ஆறாவதுல, மேல சொன்ன இஷீய எட்டாவதுல, அவரு ஜப்பான்ல கோச்சிங்கற ஊர்ல ஒரு சின்ன தனி லீக் டீம்ல ஆடிகிட்டு இருந்தவரு. யாருமே திரும்பிப் பாக்காத பசங்கள யாரோ ஒருத்தர் ஊர் ஊரா போய் வெயில்ல உக்காந்து பாத்து நோட்டுல எழுதி வச்சிருக்காரு, 2023ல ஜெயிச்சதும் 2025ல ஜெயிச்சதும் அந்த நோட்டால. என்னைக் கேட்டா சீட்டு எடுத்த கைய விட அந்த நோட்டு எழுதின கைதான் பெருசு.

அஞ்சாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் எல்லாரும் பாத்ரூமுக்கு ஓடும்போது நீங்க ஓடாதீங்க, உக்காந்து மைதானத்த பாருங்க. ஹன்ஷின் என்கெய்னு ஒரு கம்பெனி, மைதானத்த பாத்துக்கறவங்க, அவங்க வந்து மண்ண சீவி தண்ணி தெளிக்கறது ஒரு தனி ஷோ. ஜப்பான்ல டாப் லீக் டீமுங்களோட சொந்த மைதானத்துல இன்ஃபீல்டு பூரா மண்ணா இருக்கறது இது ஒண்ணுதான், மத்த எடத்துல புல்லு, இல்லன்னா செயற்கைப் புல்லு. கறுப்பு மண்ணும் மணலும் கலந்த கலவை அது, வசந்தத்துல மழை அதிகம்னு மணல கூட்டுவாங்க, கோடைல வெயில்ல வெள்ளப் பந்து கண்ணுக்குத் தெரியணும்னு கறுப்பு மண்ண கூட்டுவாங்க. சீசன் இல்லாத குளிர்காலத்துல மைதானத்த ஆழமா தோண்டி மேல் மண்ண கீழயும் கீழ் மண்ண மேலயும் பொரட்டிப் போடுவாங்க, வயல உழுவற மாதிரிதான். பெருமழை பெஞ்சு நின்ன பிறகும் கொஞ்ச நேரத்துல ஆட்டத்த நடத்த வச்சுடுவாங்க, ஜனங்க அவங்களுக்கே கை தட்டுவாங்க, தெய்வீகப் பராமரிப்புன்னே சொல்லுவாங்க.

ட்ரம்பெட் ஊதறவங்க, கொடி ஆட்றவங்க கிளப்புல சம்பளம் வாங்கறவங்க இல்ல, ரசிகர்கள் தான், தானா வந்து செய்யறாங்க. புலி வேஷம் போட்டு குட்டிக்கரணம் அடிக்கறது டொராக்கி, முதுகுல 1985ன்னு நம்பர் இருக்கும்.

அந்த 1985 என்னன்னா

இது தெரியாம டைகர்ஸ் ரசிகரோட பேச முடியாது. அந்த வருஷம் ஏப்ரல் 17, இதே கோஷியன்ல ஜயண்ட்ஸுக்கு எதிரா டைகர்ஸோட பாஸ், காகேஃபு, ஒகாதா மூணு பேரும் அடுத்தடுத்து நடு ஸ்கோர்போர்டு பக்கமா ஹோம் ரன் அடிச்சாங்க. பாஸ்னா ராண்டி பாஸ், அமெரிக்காவுல இருந்து வந்தவரு, அந்த வருஷம் 54 ஹோம் ரன், அடுத்த வருஷம் .389 பேட்டிங் சராசரி, அது இன்னும் ஜப்பான் ரெக்கார்டு. 1985ல லீக்க ஜெயிச்ச ராத்திரி ஒசாகா டோதோன்போரி ஆத்துப் பாலத்துல கூடின கூட்டம் ஒவ்வொரு ஆட்டக்காரர் ஜாடைக்கும் ஒரு ரசிகரா ஆத்துல குதிக்க வச்சாங்க, பாஸ் ஜாடைக்கு தாடி வச்ச ஆள் யாரும் இல்லன்னு பக்கத்து கேஎஃப்சி வாசல்ல நின்ன கர்னல் சாண்டர்ஸ் சிலைய தூக்கி ஆத்துல போட்டுட்டாங்க. அந்த வருஷம் ஜப்பான் சீரிஸும் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் 2003, 2005, 2014ல சீரிஸுக்குப் போயும் தோல்வி, கர்னல் சாபம்னு ஊரே பேசுச்சு. 2009ல ஆத்துக்குள்ள வேல நடக்கும்போது சிலை கெடைச்சுது, அப்பவும் சாபம் தீரல. கடைசில 2023 நவம்பர்லதான் ஜெயிச்சாங்க, 38 வருஷம் கழிச்சு, மேனேஜர் யாருன்னா அந்த மூணு ஹோம் ரன்ல மூணாவது அடிச்ச ஒகாதாவே.

ஒரு எச்சரிக்க, 33-4ங்கற நம்பர யாரு முன்னாடியும் சிரிச்சுகிட்டே சொல்லிடாதீங்க. 2005 சீரிஸ்ல லோட்டே டீமோட நாலு மேட்ச்ல மொத்த ஸ்கோர் அது. டைகர்ஸ் பக்கம் 4.

சரி, ரூல்ஸ்

இவ்வளவுதான்: மூணு அவுட் ஆனா இன்னிங்ஸ்ல பாதி முடிஞ்சுது, ரெண்டு டீமும் ஒன்பது தடவ மாறி மாறி. நாலு பேஸையும் சுத்தி வந்தா ஒரு ரன். கிரிக்கெட்ல பின்பக்கம் தட்டி விட்டா நாலு ரன், இங்க கோட்டுக்கு வெளிய போனா ஃபவுல், முன்னாடி மட்டும்தான் அடிக்கணும். அடிச்சா கண்டிப்பா ஓடணும், நின்னு யோசிக்க முடியாது. ஸ்கோர்போர்டுல பச்சை விளக்கு பால், மஞ்சள் ஸ்ட்ரைக், சிவப்பு அவுட், அந்த சிவப்ப மட்டும் பாத்துகிட்டு இருந்தாலே ஆட்டம் புரியும். ஒன்பது இன்னிங்ஸ்ல சமமா இருந்தா 12 வரைக்கும் போகும், அப்பவும் சமம்னா டிரா, அமெரிக்கா மாதிரி விடிய விடிய ஆட மாட்டாங்க, லாஸ்ட் ட்ரெயின புடிக்கணும்ல. சென்ட்ரல் லீக்ல பவுலரும் பேட்டிங் பண்ணணும், 2027ல இருந்துதான் அவருக்கு பதிலா வேற ஆள வைக்கலாம்னு மாத்தறாங்க, பவுலர் மட்டைய சுத்தி காத்த வெட்டற வேடிக்கைய பாக்கணும்னா அதுக்குள்ள போயிடுங்க.

ஃபவுல் பந்து ஸ்டேண்டுக்குள்ள வரும், விசில் சத்தம் கேட்டா ஒடனே தலைய தூக்கிப் பாருங்க, பீரக் காப்பாத்தறது அப்புறம்.

பழைய வீடியோல ஏழாவது இன்னிங்ஸ்ல ஆயிரக்கணக்குல பலூன் பறக்கறத பாத்திருப்பீங்க, வாயால ஊதறதுங்கறதால 2020ல கோவிட் வந்ததும் நிறுத்துனாங்க, அத நம்பி பை நெறைய பலூன் வாங்கிட்டுப் போகாதீங்க, பக்கத்துல இருக்கறவங்க என்ன தூக்கறாங்களோ அத நீங்களும் தூக்குங்க. ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஜெயிக்கற நிலைமைல ரெண்டு அவுட் விழுந்ததும் இன்னும் ஒருத்தன், இன்னும் ஒருத்தன்னு மொத்த ஸ்டேடியமும் கத்தும். ஜெயிச்சா அன்னைக்கு கலக்குனவர மேடைல நிக்க வச்சு பேட்டி எடுப்பாங்க, அப்புறம் ரொக்கோ ஒரோஷி, 1936ல இருந்து இருக்கற கிளப் பாட்டு, எல்லாரும் பாடுவாங்க. அது முடியற வரைக்கும் உக்காந்தே இருங்க, ஸ்டேஷன் கூட்டமும் கொஞ்சம் கரையும், ஸ்பெஷல் ட்ரெயின் விட்டுகிட்டேதான் இருப்பாங்க. குப்பைய கையோட எடுத்துட்டு வந்து வாசல்ல இருக்கற தொட்டில பிரிச்சுப் போடுங்க.

டிக்கெட்டே கெடைக்கலன்னா

ரெண்டாம் டீம் மேட்ச் இருக்கு. 2025 மார்ச்ல அமகாசாகில புது ஸ்டேடியம் தொறந்திருக்காங்க, ஹன்ஷின் லைன்லயே டைமோட்சு ஸ்டேஷன்ல எறங்கி நடக்கலாம். பெரும்பாலும் பகல் ஆட்டம், வெல கம்மி, ஆட்டக்காரங்க கைக்கெட்டற தூரத்துல. முதுகுல மூணு இலக்க நம்பர் போட்ட பசங்கள தேடிப் பாருங்க, அவங்க பயிற்சி ஒப்பந்தத்துல இருக்கறவங்க, அந்த நம்பரோட மெயின் டீம் லீக் மேட்ச்ல எறங்கவே முடியாது, ரெண்டு இலக்கம் கெடைச்சாதான் கோஷியன். காயம் ஆன பெரிய ஆட்டக்காரங்களும் திரும்பி வரும்போது மொதல்ல இங்கதான் ஆடிப் பாப்பாங்க, யாரு எறங்கறாங்கன்னு காலைலயே பாத்து வச்சுகிட்டா கோஷியன்ல தூரத்துல எறும்பா தெரியற ஆள இங்க மூஞ்சிக்கு நேரா பாக்கலாம். தொப்பி மட்டும் மறக்காதீங்க.